சங்கவி கற்பூரம் அணைக்க மாட்டாள்

"முடியாதுங்க மேடம். அவரு தலைகீழா நின்னாலும் நான் கற்பூரத்தை அணைக்க மாட்டேன்."

சொன்னவள் சங்கவி. திண்டிவனத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. கண் சிவந்திருந்தது, ஆனால் அது அழுத சிவப்பு இல்லை, கோபத்தின் சிவப்பு.

விழுப்புரம் ஜங்ஷனுக்கு எதிர்ச் சந்தில் மாடி அறை. வாசல் பலகையில் 'அன்புச்செல்வி. துப்பறிதல், கம்ப்யூட்டர் கோளாறு' என்று எழுதியிருக்கும். இரண்டும் ஒரே வேலைதான் என்பது அன்புச்செல்வியின் கட்சி. மனுஷனும் பொய் சொல்கிறான், மெஷினும் பொய் சொல்கிறது. மெஷின் காரணம் இல்லாமல் பொய் சொல்லாது என்பதால் அதன் மேல் அவளுக்குக் கொஞ்சம் மரியாதை அதிகம்.

"முதல்லேருந்து சொல்லும்மா" என்றாள்.

"கண்ணையன் ஆஃப்செட்ல டிசைனரா இருக்கறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் போடுவோம். எல்லா டிசைனும் ஒரே மெயின் மெஷின்ல இருக்குது. மத்த மெஷினுங்க நெட்வொர்க் வழியா அதைத் திறந்து வேலை செய்யும். நல்லா போய்க்கினே இருக்கும், திடீர்னு அப்படியே நின்னுடும். கொஞ்ச நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்."

"இதுல கற்பூரம் எங்க வந்துச்சு?"

"டிசைனை எல்லாம் நான் திருட்டுத்தனமா போட்டிக் கடை நெடுஞ்செழியன் பிரஸ்ஸுக்கு அனுப்பறேனாம். அதனாலதான் நடுநடுவுல நிக்குதாம். ஓனர் தேவநாதன் சார் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு. இன்னிக்கு அமாவாசை. மத்தியானம் அவங்கப்பா படத்துக்கு முன்னாடி கையால கற்பூரத்தை அணைச்சு, நான் எடுக்கலன்னு சத்தியம் பண்ணணுமாம். இல்லன்னா வேலை கெடையாது. திண்டிவனத்துல வேற எந்த பிரஸ்ஸுலயும் கால் வைக்க விட மாட்டேன்னாரு."

மூலையில் டீ ஊற்றிக்கொண்டிருந்த பிரான்சிஸ் தலையை நீட்டினான். அன்புச்செல்வியின் உதவியாளன். வேலையில் பாதி வண்டி ஓட்டுவது, மீதி பாதி வாயை ஓட்டுவது.

"உன் மேல எதுக்குச் சந்தேகம்? மூஞ்சி பிடிக்கலியா?"

"ரெண்டு வருஷம் முன்னாடி நான் வேலைக்குச் சேர்ந்த மாசத்துலேருந்துதான் நிக்க ஆரம்பிச்சுதாம். எம் மெஷின்லதான் அதிகமா நிக்குதாம். நான் லீவு போட்ற அன்னிக்கு எந்த மெஷினும் நிக்கவே இல்லியாம்."

"அதெல்லாம் நெசமா?"

"நெசந்தாங்க. அதான் எனக்கே பேஜாரா இருக்குது."

"அக்கா, இந்த கேஸை விட்டுடலாம்" என்றான் பிரான்சிஸ். "இந்த மூணு ஆதாரத்தையும் காட்டினா நானே அந்த ஓனர் பக்கம் சாட்சி சொல்லிடுவேன். ஏம்மா, எடுக்கலன்னா அணைச்சுட்டுப் போக வேண்டியதுதானே? ஒரு சொடுக்கு நேர வேலை."

"எங்கூட டிசைன் பண்ற கோபி அணைச்சானா? அச்சு பிளேட் போட்றவரு அணைச்சாரா? ஓனர் அணைச்சாரா? நான் மட்டும் எதுக்கு அணைக்கணும்?" சங்கவியின் குரல் உயர்ந்தது. "செய்யாத தப்புக்கு நெருப்புல கை வச்சா, செஞ்சிருக்கலாம்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அம்மாவ கோயிலுக்குக் கூட்டிக்கினு போக வேண்டிய நாளு. அதைத் தனியா அனுப்பிட்டு இங்க வந்து நிக்கறேன். எம் பேரை மட்டும் மீட்டுக் குடுங்க மேடம்."

அன்புச்செல்வி எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டினாள். இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான் அவள் கடை திறந்து வைத்திருந்தாள்.

"பிரான்சிஸ், வேனை எடு."

பழைய வேன் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, வாய்விட்டு இருமிக்கொண்டே போனது. அன்புச்செல்வி பின்னால் திரும்பிக் கேட்டாள்.

"அது நிக்கறப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருப்ப? நல்லா யோசிச்சு சொல்லு. காப்பி ஆயிக்கினு இருக்கறப்ப பாதியில நிக்குமா?"

"இல்லீங்க. ஒரு தடவை ஆரம்பிச்சுட்டா ஜல்தியா முடிஞ்சுடும். சேவ் பண்றப்ப எங்க வைக்கணும்னு கேட்டு ஒரு பெட்டி திறக்கும் பாருங்க, அது திறக்கறதுக்கு முன்னாடிதான் நிக்கும். நான் ஒவ்வொரு திருத்தத்துக்கும் புதுப் பேர்ல சேவ் பண்ணுவேன். கோபி சாயங்காலம் ஒரே ஒரு தடவைதான் பண்ணுவான்."

"அதான் உன் மெஷின்ல அதிகமா நிக்குது. ஒரு ஆதாரம் காலி" என்றாள் அன்புச்செல்வி. "யாராவது டிசைனைக் கடத்தினா வழியிலதான் நெரிசல் இருக்கணும். இங்க வழி காலியா இருக்குது. கெளம்பறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னு யாருக்கோ காத்துக்கினு இருக்குது."

"எங்க மாமா மாதிரி" என்றான் பிரான்சிஸ். "மாதா கோயிலுக்கு நடந்தா அஞ்சு நிமிஷம். செருப்பைத் தேடறதுக்குள்ள பூசை முடிஞ்சுடும்."

"வாயை மூடிக்கினு ரோட்டைப் பாரு. ஆனா கேள்வி அதேதான். அது எந்தச் செருப்பைத் தேடுது?"

வேன் கூட்டேரிப்பட்டைத் தாண்டியது.

கண்ணையன் ஆஃப்செட் மரக்காணம் ரோட்டில் இருந்தது. முன்னால் கம்ப்யூட்டர் கூடம், பின்னால் அச்சு மெஷின், பக்கத்தில் பைண்டிங். தேவநாதன் வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக வாசலிலேயே மறித்தார். காலையிலிருந்து விரதம், பச்சைத் தண்ணீர் கூடப் பல்லில் படவில்லை. வயிறு காய்ந்த மனிதரிடம் நியாயம் பேசுவது கஷ்டம். நிறைந்த வயிற்றிலும் அவர் பெரிதாக நியாயம் பேசியதாகத் தெரியவில்லை.

"யாரு நீங்க? நான் யாரையும் கூப்பிடலியே?"

"நீங்க கூப்பிடல. சங்கவி கூப்பிட்டிருக்குது. உங்க கம்ப்யூட்டரை நான் கொஞ்சம் பாக்கணும்."

"பாருங்களேன்! தாராளமா பாருங்க!" தேவநாதன் சிரித்தார். "மாடியில காக்காவுக்குச் சோறு வச்சிருக்கறேன். காக்கா வந்து எடுத்ததும் அப்பாவுக்குக் கற்பூரம் காட்டுவேன். அதோட இவ சத்தியம். அதுவரைக்கும் உங்களுக்கு டைம்."

அன்புச்செல்வி பிரான்சிஸின் காதருகே குனிந்தாள். "மாடிக்குப் போ. எந்தக் காக்காவும் அந்தச் சோத்துக்கிட்ட வரக் கூடாது."

"அக்கா, செத்தவங்க சாபம் எனக்கு வராதா?"

"நீ பேச ஆரம்பிச்சா அவங்களே ஓடிடுவாங்க. போ."

கூடத்தில் சங்கவி தன் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் நீராட்டு விழா பத்திரிகையைத் திறந்தாள். சேவ் அழுத்தினாள். பெட்டி பட்டென்று திறந்தது. மறுபடியும் அழுத்தினாள். பட்டென்று. கோபியின் மெஷினிலும் அப்படியே. பெரிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை இங்கிருந்து அங்கே அனுப்பிப் பார்த்தார்கள். அதுவும் தண்ணீர் போல ஓடியது.

"நின்னு தொலையேன்!" சங்கவி மேஜையைத் தட்டினாள். "டெய்லி நின்னு என் உயிரை எடுத்தியே, இன்னிக்கு ஒரே ஒரு தடவை நில்லேன்!"

தேவநாதன் கையைக் கட்டிக்கொண்டு ரசித்தார். "ஆள் வந்து பாக்கறாங்கன்னதும் எப்படி அடங்கிடுச்சு பாத்தீங்களா? இவ கையை வைக்கலன்னா அது ஏன் நிக்கப் போவுது? இதுக்கு மேல இன்னா ஆதாரம் வேணும்?"

அன்புச்செல்விக்கு உள்ளுக்குள் எரிந்தது. மெஷின்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியைப் பார்த்தாள், விளக்குகள் ஒழுங்காக மினுக்கின. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்டினாள், எதுவும் லூஸ் இல்லை. சங்கவியின் மெஷினில் டிரைவ்கள் இருக்கும் இடத்தைத் திறந்தாள். சி, டி, அதற்குக் கீழே 'அப்பா' என்று தமிழில் ஒரு பெயர்.

"இது இன்னா தம்பி?"

கோபி எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "பெரியவரோட டிசைனுங்க இருக்கற டிரைவ் அக்கா. ஓனரோட அப்பா கண்ணையன் ஐயா. ரெண்டு வருஷம் முன்னாடி தவறிட்டாரு. எல்லா மெஷின்லயும் இது இருக்கும். நாங்க யாரும் திறக்கறதில்ல, ஆனா அழிக்கக் கூடாதுன்னு ஓனரு உத்தரவு. ஒரு தடவை தெரியாம எடுத்துட்டேன், மூணு நாள் எங்கிட்ட பேசல."

அப்போது பைண்டிங் பக்கத்திலிருந்து தையல்நாயகி தட்டு நிறைய வடையுடன் வந்தாள். முகத்தில் பசை, கையில் பசை, வாயில் மட்டும் ஒட்டவே ஒட்டாது.

"இன்னிக்குப் போயி எதுக்குடா மெஷினை நோண்டிக்கினு இருக்கறீங்க? அமாவாசைன்னா பெரியவரு வந்துடறாரு. அவரு இருக்கறப்ப எதுனா நிக்குமா? கட்டுப்பட்டு ஓடும்."

அன்புச்செல்வி சட்டென்று திரும்பினாள். "எல்லா அமாவாசைக்குமா?"

"எல்லா அமாவாசைக்கும்தான். சங்கவிக்குத் தெரியாது. அது அம்மாவக் கூட்டிக்கினு மேல்மலையனூர் போயிடும், அன்னிக்கு லீவு."

அன்புச்செல்வி சங்கவியைப் பார்த்தாள். சங்கவி அன்புச்செல்வியைப் பார்த்தாள்.

"வேற எந்த நாளும் லீவு போட மாட்டியா?"

"போட மாட்டேங்க. அங்காளம்மனுக்கு மட்டுந்தான்."

அப்பொழுது மாடியிலிருந்து பிரான்சிஸின் அலறல் கேட்டது.

"அக்கா! ஒரு பக்கம் விரட்டினா இன்னொரு பக்கம் வந்துடுச்சுக்கா! எடுத்துடுச்சு! அப்பளத்தோட எடுத்துடுச்சு!"

தேவநாதன் துண்டை இடுப்பில் கட்டினார். "காக்கா எடுத்தாச்சு. எல்லாரும் வாங்க."

கூடத்தை ஒட்டிய சின்ன அறை. சுவரில் கண்ணையனின் படம், சந்தன மாலை, குத்துவிளக்கு. இலையில் வடை, பாயசம், வாழைக்காய். படத்துக்குக் கீழே ஒரு மேஜை. மேஜை மேல் சந்தனமும் குங்குமமும் வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, திரை வெளிச்சத்துடன், மெல்ல ஊதிக்கொண்டு ஓடியது. அதன் முதுகிலிருந்து ஒரு நீல வயர் சுவர் ஓட்டை வழியாகக் கூடத்துக்குப் போனது.

அன்புச்செல்வி அந்த நீல வயரைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைப் பிரான்சிஸுக்கு நன்றாகத் தெரியும். காக்கையிடம் தோற்ற துக்கத்தை மறந்து அவனும் நிமிர்ந்தான்.

தேவநாதன் தட்டில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். ஆட்கள் எல்லாரும் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள்.

"சங்கவி. அணை."

"மாட்டேன்."

"எங்கப்பா முன்னாடி அணை!"

"உங்கப்பா மேல எனக்கு மரியாதை இருக்குதுங்க. அதனாலதான் அவரு முன்னாடி இந்தக் கூத்தை ஆட மாட்டேன்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" தேவநாதன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "மடியில கனம் இல்லாதவ மறுப்பாளா?"

"சார், ஒரு நிமிஷம்." அன்புச்செல்வி நடுவில் வந்து நின்றாள். "இந்தக் கம்ப்யூட்டரை எப்பப்ப போடுவீங்க?"

"அமாவாசைக்கு மட்டும். அப்பா கடைசி வரைக்கும் இதுலதான் டிசைன் பண்ணாரு. மாசத்துல ஒரு நாளாவது அது மூச்சு விடட்டும்னு காலைல போட்டு, கடை மூடறப்ப நிறுத்துவேன். உங்களுக்கு எதுக்கு அது?"

"இப்பவே அதை ஆஃப் பண்ணுங்க."

அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள்.

"முடியாது! படையல் நடந்துக்கினு இருக்குது. அப்பா மெஷினை யாரும் தொடக் கூடாது."

"ஒரு சின்னப் பொண்ணை நெருப்புல கை வைக்கச் சொன்னீங்க. நான் உங்களை ஒரு சுவிட்சை அமுக்கத்தான் சொல்றேன்" என்றாள் அன்புச்செல்வி. "கற்பூரத்தை அணைக்க மாட்டேன்னு சொன்னதுக்காக அவ திருடின்னா, சுவிட்சை அமுக்க மாட்டேன்னு சொல்ற நீங்க யாரு? எதை மறைக்கறீங்க? உங்க சட்டந்தான் சார். நான் புதுசா எதையும் கொண்டு வரல."

வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்நாயகியாகத்தான் இருக்க வேண்டும். தேவநாதனின் முகம் கறுத்தது. எல்லாரும் தன்னையே பார்ப்பது அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சுட்டது. படத்தைப் பார்த்தார். குனிந்து கம்ப்யூட்டரை நிறுத்தினார். திரை இருண்டது.

"கோபி! உன் சீட்டுக்குப் போய் சேவ் பண்ணு. சங்கவி, நீ இங்கேயே என் பக்கத்துல நில்லு. ரெண்டு கையையும் எல்லாரும் பாக்கற மாதிரி வச்சுக்க."

கூடத்திலிருந்து மவுஸ் சொடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கோபியின் குரல் கூவியது.

"அக்கா! நின்னுடுச்சுக்கா! மவுஸு சுத்திக்கினே இருக்குது!"

பிளேட் போடுபவர் ஓடிப்போய் மெயின் மெஷினிலும் சேவ் அழுத்தினார். "இதுவும் நிக்குதுங்க!"

"திருடி இங்க நிக்கறா, திருட்டு அங்க நடக்குது" என்றான் பிரான்சிஸ். "கை ரொம்ப நீளம் போல."

தட்டில் இருந்த கற்பூரம் யாரும் தொடாமலே எரிந்து முடிந்தது. அன்புச்செல்வி நீல வயரைக் கையில் எடுத்தாள்.

"சேவ் பண்ணச் சொன்னா, எங்கெங்க வைக்கலாம்னு ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எல்லா டிரைவையும் ஒரு தடவை தட்டிப் பாக்கும். அதுல 'அப்பா'வும் ஒண்ணு. அந்த டிரைவ் இருக்கறது இந்த மெஷினுக்குள்ள. இது ஓடிக்கினு இருந்தா உடனே பதில் வரும். இல்லன்னா தட்டிட்டு வாசல்லயே காத்துக்கினு நிக்கும். ரொம்ப நேரம் பாத்துட்டு, சரி, ஆளில்லன்னு வேலையைத் தொடங்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு மறுபடியும் வந்து தட்டும். அதனாலதான் சில நேரம் நிக்குது, சில நேரம் நிக்கல."

"ஆனா இவ சேர்ந்த மாசத்துலேருந்து..." தேவநாதனின் குரல் பாதியில் இறங்கியது.

"இவளை எதுக்குச் சேத்தீங்க? உங்கப்பா பார்த்த வேலையைப் பாக்க. அவரு இல்லாம போன அந்த மாசந்தான் இந்த மெஷினை நிறுத்தினீங்க. இவ லீவு போட்ற அமாவாசைக்குத்தான் மறுபடி போடறீங்க. ரெண்டு வருஷமா அமாவாசையும் இவளும் ஒரே நாள்ல இந்தக் கட்டடத்துக்குள்ள இருந்ததே இல்ல. இன்னிக்கு நீங்களே ரெண்டையும் சேத்து வச்சீங்க. இவ சீட்டுல உக்காந்தும் ஒண்ணும் நிக்கல. அதை ஆதாரம்னு சொல்லி நீங்களே சிரிச்சீங்க."

தேவநாதன் படத்தின் கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அழிக்க மனசு வரலம்மா" என்றார், யாரிடம் என்றில்லாமல். "அந்தப் பேரு ஸ்க்ரீன்ல இருந்தா அப்பா பக்கத்து ரூம்ல இருக்கற மாதிரி இருந்துச்சு."

அன்புச்செல்விக்கும் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. "அழிக்க வேணாம் சார். அவரு டிசைனை எல்லாம் மெயின் மெஷினுக்கு மாத்தி, அதே பேரை வைங்க. பிரான்சிஸ் இப்பவே பண்ணிடுவான். பேரும் இருக்கும், மெஷினும் நிக்காது."

தேவநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். சங்கவியின் பக்கம் பார்க்காமல், "சரிம்மா. போய் வேலையைப் பாரு" என்றார்.

சங்கவி நகரவில்லை.

"அவ்ளோதானா சார்?"

"வேற இன்னா? அதான் தெரிஞ்சுபோச்சே. வேணும்னா நான் கற்பூரம் அணைக்கறேன், போதுமா?"

"வேணாம். உங்க கையைச் சுட்டுக்கினா எம் பேரு திரும்பி வந்துடுமா? திருடின்னு எல்லார் முன்னாடியும் வாயால சொன்னீங்க. இல்லன்னும் வாயால சொல்லுங்க."

"இவங்க முன்னாடி மட்டும் சொன்னா பத்தாது" என்றாள் தையல்நாயகி. "நேத்து ராத்திரியே நெடுஞ்செழியனுக்கும் போன் போட்டு, இவளை வேலைக்கு வச்சுக்காதன்னு சொல்லியாச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

சங்கவிக்கு அப்போதுதான் புரிந்தது. இன்றைக்குச் சத்தியம் பண்ணியிருந்தாலும் அவள் பேர் போயிருக்கும். தீர்ப்பு நேற்றே முடிந்துவிட்டது. அன்புச்செல்வி பேச வாயெடுத்தாள். சங்கவி கையால் தடுத்தாள்.

"போனைப் போடுங்க சார். ஸ்பீக்கர்ல போடுங்க."

"சங்கவி, அவன் எனக்குப் போட்டிக்காரன்..."

"நேத்தும் போட்டிக்காரர்தானே? போடுங்க."

தேவநாதன் வாசலைப் பார்த்தார். நின்றவர்களில் ஒருவர் கூட அவருக்கு வழி விடவில்லை. போனை எடுத்தார்.

"நெடுஞ்செழியா, நான் தேவநாதன். நேத்து அந்தப் பொண்ணு சங்கவியப் பத்தி சொன்னேன் பாரு. அது தப்பு. அது ஒண்ணும் எடுக்கல. தப்பு என் மேலதான்."

மறுமுனையில் பெரிய சிரிப்பு. "எனக்குத்தான்யா தெரியும், ஒரு டிசைனும் வரலன்னு! எதுக்கு இவன் நம்மகிட்ட வந்து புலம்பறான்னு நெனச்சேன். சரி, அந்தப் பொண்ணு இன்னும் உங்கிட்டதான் இருக்கப் போவுதா?"

தேவநாதன் சங்கவியைப் பார்த்தார். அவர் கண்ணில் அதிகாரம் போய் முதல் தடவையாக ஒரு கெஞ்சல் இருந்தது. சங்கவி போனின் பக்கம் குனிந்தாள்.

"இல்லீங்க சார். சங்கவிதான் பேசறேன். நாளைக்குக் காலைல உங்களைப் பாக்க வர்றேன்."

போனை அவளே வைத்தாள். பிரான்சிஸ் வடையை வாயருகே வைத்தபடி நின்றான். சங்கவி கூடத்துக்கு நடந்தாள்.

"எங்க போறே?" என்று தேவநாதன் பின்னால் ஓடி வந்தார்.

"எங்கேயும் போகல." சங்கவி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த மஞ்சத்தண்ணிப் பத்திரிகை இன்னிக்கு சாயங்காலம் குடுக்கணும், அந்த வீட்ல காத்துக்கினு இருப்பாங்க. இதை முடிச்சுட்டுத்தான் உங்க கடையை விட்டுப் போவேன். அதுவரைக்கும் இது என் சீட்டு. கொஞ்சம் வெளிச்சத்தை மறைக்காம நில்லுங்க சார்."